அனுப்பாத மூன்றாவது கடிதம்

இன்று காலை மீன் வாங்கப் போயிருந்தேன். மீமிசலிலிருந்து வேனில் வரும் மீனை மார்க்கெட்டின் பின்பக்கம் வைத்து விற்கிற அந்த அம்மாளை உனக்கு நினைவிருக்கும். கொடுவா ஒன்றைப் பலகையில் போட்டு, வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தியால் சுரண்டினார். செதில்கள் தெறித்து என் முழங்கையில் ஒட்டின. தட்டிவிடப் போனபோது அவர் நிமிராமலே கேட்டார்.

"ஒங்க கூட்டாளி நர்சம்மா எங்க, ஆளையே காணோம்? வெளிநாட்டுக்கே திரும்பப் போயிருச்சா?"

நீ இறந்து பதினோரு மாதமாகிறது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "ஆமா" என்று தலையை ஆட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் விஷயத்தில் நான் சொன்ன பொய்களில் இது சின்னது.

செதிலும் துடுப்பும் உள்ள மீனைத்தான் வாங்குவாய். இறால், நண்டு, கணவாய், சுறா எதையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாய். பள்ளிக்கூட நாட்களில் நண்டு ரசத்துக்கு உயிரை விட்டவள்! ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்து, நகத்தால் கீறி, செதில் பெயர்கிறதா என்று பார்ப்பாய். அந்த அம்மாள் சும்மா விடமாட்டார்.

"என்னாத்தா, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி தடவித் தடவிப் பாக்குற? மீனுக்கு மச்சம் தேடுறியா?"

"பொண்ணுன்னா இம்புட்டுப் பாக்கமாட்டேங்க. இது வயித்துக்குள்ள போறதுல்ல" என்பாய்.

ஒன்பது வருஷம் இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில் ஒரு யூத மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்கு. செதில் பார்க்கும் பழக்கம் அந்த வீட்டில் வந்தது; செதிலும் துடுப்பும் இல்லாததை அவர்கள் உண்பதில்லை. அவர் இறந்தவுடன் விசாவும் முடிந்தது. ஊருக்கு வந்து, திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாய். கீழ்வீட்டு அம்மா முதல் நாளே உன்னிடம் கேட்டாராம்: "சொந்த ஊருல எந்தத் தெரு?" அதை என்னிடம் சொன்ன அன்றுதான் மற்றதையும் சொன்னாய்.

"நான் யூத மதத்துல சேரப்போறேன்டி."

நான் சிரித்துவிட்டேன். "ஏன்டி, ஒங்க தாத்தா ஒரு தடவ மாறுனது பத்தாதா?"

நீயும் சிரித்தாய். "தாத்தா சாமியத்தான் மாத்துனாரு. தெருவ மாத்த முடியலையே."

உன் தாத்தா காலத்தில் உங்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானது. சேர்ந்த பிறகும் கோயிலில் உங்களுக்கு ஒரு பக்கம், மேல்தெருக்காரர்களுக்கு ஒரு பக்கம். ஊரில் யாரும் உன்னிடம் என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டதில்லை. தெருவைத்தான் கேட்டார்கள்.

ஹைஃபாவில் மூதாட்டி தொழப்போகும் இடத்துக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நீயும் போவாய். அங்கே வேறெங்கோ பிறந்து, மதம் மாறி வந்த ஒரு பெண் இருந்தாள். புதிதாக வந்த ஒருத்தி அவளிடம், "அதற்கு முன்னால் நீங்கள் யார்?" என்று கேட்டுவிட்டாள். மூதாட்டி கைத்தடியைத் தரையில் தட்டி அதட்டினாராம். உள்ளே வந்தவளிடம் பழையதை நினைவூட்டுவது தவறு. அவள் இப்போது ஆபிரகாமின் மகள், சாராளின் மகள். அவர்களுடைய ஏடுகளில் அவளுக்கு வேறு தாய் தகப்பன் பெயர் எழுதப்படாது.

"கேட்டா, கேட்டவகளுக்குத்தான் பாவமாம். இப்படி ஒரு எடத்த நீ எங்கிட்டாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?" என்று கேட்டபோது உன் முகம் பதினேழு வயது முகமாக இருந்தது.

அங்கே எல்லாரும் அந்த மூதாட்டி போல இல்லை என்பதையும் நீ மறைக்கவில்லை. "விசாவுக்காகவா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். மூதாட்டியின் மகனே, "அம்மாவைப் பார்க்க வந்தவள் அந்த வேலையோடு நிற்கட்டும்" என்றிருக்கிறார். வேலை விசாவில் வந்தவர் என்று உன் விண்ணப்பத்தை அந்த நாட்டு அலுவலகமும் திருப்பிவிட்டது. இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினாய்.

"மனுசங்க எல்லா ஊர்லயும் மனுசங்கதான். ஆனா அவங்க மதச் சட்டம் என் பக்கம் இருக்குடி."

மும்பையில் ஒரு ராபி, அவர்களுடைய மதகுரு, இருக்கிறார், அவருக்கு எழுத வேண்டும் என்றாய். ஆங்கிலம் பேசுவாய், எழுதத்தான் கூச்சம். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். நீ தமிழில் சொன்னாய், நான் ஆங்கிலமாக்கி என் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன். அதனால் பதில்களும் என்னிடமே வந்தன. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

முதல் பதில் இரண்டே வரி. வேண்டாம், உங்கள் நம்பிக்கையிலேயே நல்லவராக இருங்கள். அதை உன்னிடம் படித்துக்காட்டத் தயங்கினேன். நீ கையைத் தட்டினாய்.

"தள்ளிவிட்டாரா? நல்லதாப் போச்சு. மூணு தடவ தள்ளுவாங்க. அது அவங்க வழக்கம். அதுக்கப்பறமும் போகாம நிக்கிறவளத்தான் திரும்பிப் பாப்பாங்க."

நான் நம்பவில்லை. நீயே உன்னைத் தேற்றிக்கொள்கிறாய் என்று நினைத்தேன்.

இரண்டாவது பதில் பள்ளியில், எனக்கு வகுப்பில்லாத ஒரு பாடவேளையில் வந்தது. இந்த முறை நீளமாக எழுதியிருந்தார். உங்கள் ஊரில் இன்னொரு யூதர் உண்டா? சேர்ந்து தொழப் பத்துப் பேர் வேண்டும், எங்கே போவீர்கள்? நீங்கள் இறந்தால் உங்கள் உடலைக் குளிப்பாட்ட யார் இருக்கிறார்கள்? கடவுளுக்கு நல்ல மனிதராக இருப்பதே போதும், இந்தச் சுமை உங்களுக்கு எதற்கு? கடைசியாக ஒரு வரி: நாங்கள் உங்களை அழைக்கவில்லையே.

நம் ஊரில் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்கு ஒரே அர்த்தம்தான். அதற்கு வேறு அர்த்தமும் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வரியைப் படித்தபோது என் கண்முன் வந்தது ராபியின் முகம் அல்ல, எங்கள் வீட்டு வாசல். பிளஸ் டூ படிக்கையில் நோட்டு வாங்க வந்தாய். "அங்கயே நில்லும்மா, வருவா" என்று சொல்லி, கிணற்றடி மாடப்பிறையில் தனியாகக் கிடந்த டம்ளரில் அம்மா உனக்குத் தண்ணீர் கொடுத்தாள். நீ அண்ணாந்து குடித்துவிட்டு, அதை நீயே கழுவிக் கவிழ்த்தாய். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். எழுந்து வரவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று எழாதவள் இந்த முறை எழுந்தேன். உன் பெயரிலேயே பதில் அடித்தேன். இனி உங்கள் கதவைத் தட்டமாட்டேன். உங்கள் கடவுளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எழுத வேண்டாம். அனுப்பிய பிறகு மணி அடித்தது. வகுப்புக்குப் போனேன். உனக்காகச் சண்டை போட்டுவிட்ட பெருமைகூட இருந்தது.

சாயங்காலம் வந்து, "இதுவும் முடியாதுன்னுட்டாருடி" என்றேன்.

"அப்ப இன்னும் ஒண்ணுதான்!" எழுந்து ஓடி நோட்டை எடுத்து வந்தாய். "எழுதிக்க. நான் யோசிச்சே வச்சிருக்கேன். அவரு என்னென்ன கேட்டாரு, ஒவ்வொண்ணாச் சொல்லு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மதியம் நான் இப்படிச் செய்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டு எழுதுவோம் என்று. வாய் வரவில்லை. நீ சொல்லச் சொல்ல எழுதினேன்.

'எங்கள் ஊரில் யாரும் இல்லை. பத்துப் பேர் இருக்கும் ஊருக்கு நான் வந்துவிடுகிறேன். நர்ஸுக்கு எங்கேயும் வேலை கிடைக்கும். செத்தால் யார் குளிப்பாட்டுவார்கள் என்று கேட்டீர்கள். நான் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறேன். எனக்கும் ஒருவர் இருப்பார். நீங்கள் என்னை அழைக்கவில்லை என்பது உண்மை. நான்தான் வந்திருக்கிறேன்.'

"இங்கிலீசுல நல்லா வருமாடி?" என்று கேட்டாய். வரும் என்றேன். மறுநாள், "அனுப்பிட்டியா?" என்றாய். அனுப்பிட்டேன் என்றேன். இதை அனுப்பினால் அதற்கு முந்தையது வெளியே வரும். அந்தப் பயம்தான், வேறு காரணம் இல்லை.

அதன் பிறகு எட்டு மாதம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவாய். "கரண்டு நல்லாத்தானே இருக்கு?" என்று கீழ்வீட்டு அம்மா மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பார். ஏற்றி முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவாய்.

"வந்துச்சா?"

"இல்லடி."

"வரும். இது மூணாவதுல்ல, யோசிச்சுத்தான் போடுவாரு."

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், வெள்ளி பொழுது சாய்ந்ததுமே தொடங்கிவிடும். அன்று விளக்கு, மின்விசிறி எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. ஆனால் இன்னும் சேராதவர் அந்த நாளை முழுதாகக் கடைப்பிடிப்பதும் கூடாதாம். ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே மீற வேண்டுமாம். அதனால் நீ மதியம் போல எழுந்து போய், சமையலறை ஸ்விட்சைப் போட்டு உடனே அணைப்பாய். ஒரே ஒரு தடவை. முதல் முறை பார்த்தபோது, "எதுக்குடி இது?" என்றேன்.

"நான் இன்னும் வாசலுக்கு வெளியிலதான் நிக்கிறேன்னு சொல்றது. பொய் சொல்லக் கூடாதுல்ல."

எட்டு மாதத்துச் சனிக்கிழமைகள். நான் கூட இருந்த நாட்களில் அந்த ஸ்விட்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். உன்னை வெளியே நிறுத்தியிருந்தது மும்பையில் இருந்தவர் அல்ல. உன் சோபாவில் உட்கார்ந்து, உன் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல இருந்த நேரம் நேற்றோடு தீர்ந்துவிட்டது என்பதை அந்த ஆட்டோவில் நான் இன்னும் அறிந்திருக்கவில்லை.

உன் தம்பி என்னைத் தனியே அழைத்துக் கேட்டான். "அக்கா, கொஞ்ச நாளா அவ கோயிலுக்கு வரல. பாதர்கூடக் கேட்டாரு. ஒங்ககிட்ட ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாளா?"

"இல்லப்பா" என்றேன். என்ன சொல்வது? நீ சேரவில்லை. சேரவிடாமல் செய்தவள் நான். உன்னை வேறு எங்கே கொண்டுபோய்ப் புதைக்க முடியும்?

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவருக்கு உன் தம்பி இடம் காட்டினான். "நம்ம ஆளுகளுக்கு அங்கிட்டு, அந்த ஓரந்தாண்ணே." முப்பது பேர் நின்றிருந்தோம். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. குழியின் தலைமாட்டில் சிலுவையை நட்டார்கள். நீ எந்த ஓரத்திலிருந்து தப்பிக்க நினைத்தாயோ அதே ஓரத்தில் உன்னை வைத்துவிட்டு, கைகால் கழுவி, பஸ் ஏறி வந்தோம்.

ஒரு மாதம் கழித்து ராபிக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன், டம்ளர் உட்பட. நீ சொன்ன மூன்றாவது கடிதத்தையும் ஆங்கிலமாக்கிச் சேர்த்தேன். பதினாறு நாள் பதில் இல்லை. அந்தப் பதினாறு நாளில், உன் எட்டு மாதம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரிந்தது.

பதினேழாம் நாள் பதில் வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கோபமாக வந்த அந்த மின்னஞ்சலை நீ எழுதியது என்றே நம்பியிருக்கிறார். விலகிப் போகிறவரைப் பின்தொடர்ந்து அழைக்கக் கூடாது என்பதால் பேசாமல் இருந்துவிட்டார். 'அந்தக் கேள்விகளை நாங்கள் கேட்டே ஆகவேண்டும். கேட்டுவிட்டு, பதிலோடு வருகிறார்களா என்று பார்த்திருப்போம். நீங்கள் இப்போது அனுப்பியிருப்பது அந்தப் பதில். அது அன்றைக்கு வந்திருந்தால் வாருங்கள் என்று எழுதியிருப்பேன்' என்று இருந்தது. இறந்தவரைச் சேர்த்துக்கொள்ள வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லியிருந்தார்.

அதன் கீழே இன்னொரு பத்தி. 'என் தொழுகையில் அவரை நினைத்துக்கொள்ள விரும்புகிறேன். இவ்வளவு உறுதியாக வருகிறவர்கள், தாங்கள் ஏற்கப்போகும் பெயரை முன்பே மனதில் வைத்திருப்பார்கள். உங்கள் தோழி என்ன பெயர் வைத்திருந்தார்?'

புதுப் பெயர் என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. உன் நோட்டை ஓரம்வரை புரட்டினேன். தம்பியிடம் கேட்டு உன் செல்போனை வாங்கித் தேடினேன். மெழுகுவத்தி டப்பாவின் அடியில்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நீ சொல்லாமல் இருந்ததில் வியப்பில்லை. எட்டு மாதத்தில் ஒருமுறைகூட நான் உன்னிடம், உள்ளே போனதும் என்ன ஆவாய் என்று கேட்டதில்லை. பதில் வந்ததா என்று நீ கேட்பதற்கு முன்னால் பேச்சை மாற்றுவதிலேயே குறியாக இருந்தேன்.

அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்த மின்னஞ்சலைத் திறந்து, ஒரு பெயரை அடித்துப் பார்ப்பேன். ரூத், மிரியம், ஹன்னா. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். எதற்கும் நீ திரும்பவில்லை. அழித்துவிட்டு மூடிவைப்பேன்.

உள்ளே போயிருந்தால், உன் தெருவையும் தாத்தாவையும் அந்தத் தண்ணீர் டம்ளரையும் இப்படிப் பட்டியலிட யாருக்கும் உரிமை இருந்திருக்காது. நான் எழுதிவிட்டேன். ஆனால் உன் பழைய பெயரை மட்டும் எழுதக் கை வரவில்லை. கடிதத்தின் தலையில் அதற்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.