நாலு ஊரும் தூக்கிய கை

நண்பரே,

இன்று காலை பலெர்மோவின் கடலோரத்தில், ஸ்ஃபெர்ராகவால்லோவில், நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். வானொலியில் செய்தி போனது. கடலால் வந்து இறங்குகிறவர்களை ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகள் பங்கிட்டு எடுக்கிற கதை மறுபடியும். ஆளெடுக்க மாட்டோம் என்று ஒன்றாக நிற்கிற, கிழக்கேயுள்ள அந்த நாலு நாடுகளின் பெயரும் அடிபட்டது. உமது நினைவு வந்தது. அழுகை வரவில்லை. அடுத்த கணவாயை எடுத்தேன்.

ஒரேத்தோவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டில் தங்கி வேலை செய்தீர். அவவுக்குச் சோறு தீத்திக்கொண்டே தொலைக்காட்சிச் செய்தி முழுவதையும் கேட்பீர். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து அதைக் கொட்டுவீர். ஒன்றியத்தை எனக்கு விளங்கப்படுத்த உமக்கு எங்கள் கோயில் திருவிழாவே போதுமாக இருந்தது. எங்கள் ஊர் ஆட்களும் பக்கத்து மூன்று ஊர் ஆட்களும் பலெர்மோவில் ஒன்று சேர்ந்ததே தேர்த் திருவிழா உபயத்தை வாங்கத்தான். தனியே கேட்டபோது கிடைக்காதது, சேர்ந்து கேட்டபோது கிடைத்தது. தேர் சுற்றி முடிந்து இருப்புக்கு வந்த பிறகும் நாங்கள் பிரியவில்லை. இங்குள்ள தமிழர் மன்றத்தில் என்ன கதை வந்தாலும் ஒருவர் கை தூக்கினால் நாலு ஊரும் தூக்கும். அந்த நாலு நாடும் இப்படித்தான், சின்ன நாடுகள் என்றாலும் சேர்ந்து நின்றால் பெரிய நாடுகள் இறங்கி வந்து கதைக்கும் என்பீர். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு மன்றத்தின் அந்தக் கூட்டம். புதிதாக வந்த எங்கள் பெடியள் பன்னிரண்டு பேர் படுக்க இடமில்லாமல் அலைந்தார்கள். பெர்மெஸ்ஸோவுக்கு, இங்கே தங்குகிற அனுமதிக்கு, எழுதிக் கொடுக்க ஒரு வீட்டு விலாசம்கூட இல்லை. வேறு ஊர்க்காரரான நீர் எழும்பினீர்.

"ஒரு ஊருக்கு ரெண்டு பேர். விலாசம் குடுத்தால் போதும், மிச்சத்தை அவங்கள் பாப்பாங்கள்."

எங்கள் ஆட்களில் ஒருவர், ஆள் எடுக்க ஏலாது, அரிசியும் பருப்பும் தாறம் என்றார். அதற்குக் கை தூக்கச் சொன்னார்கள். நாலு ஊரும் தூக்கியது. நானும் தூக்கினேன். போர்கோ வெக்கியோவில் என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. நாலு ஊரும் மாட்டோம் என்றதும் மற்ற ஊர்களும் பின்வாங்கின.

பஸ் நிற்கும் இடத்தில் நீர் கேட்டது ஒரு கேள்விதான்.

"நீர் யோசிச்சோ கையைத் தூக்கினீர்?"

"எல்லாரும் தூக்கினவை."

"ஓம். அங்கையும் அப்பிடித்தானாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். நீர் சும்மா சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனீர். அடுத்த ஞாயிறும் வழமைபோல வந்தீர், தேத்தண்ணி குடித்தீர். அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

பன்னிரண்டு பேரில் ஒருவன் உமது தம்பி என்பது உமது செத்தவீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. தம்பி என்று சொல்லியிருந்தால் விலாசம் கொடுத்திருப்போம். அது உமக்கும் தெரியும். அவனுக்கு மட்டும் கேட்க உமக்கு மனம் வரவில்லை. விலாசம் கிடைக்காமல் அவன் வடக்கே வேறு நாட்டுக்குப் போய்விட்டான். இன்றைக்கும் கடதாசி இல்லை, எல்லை தாண்டி வர வழியில்லை. ஆகவே உமது முகத்தை அவன் தொலைபேசியில்தான் பார்த்தான். தொலைபேசியை யாராவது பிடிக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நின்றது நான்.

"அண்ணா, கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ" என்றான்.

பிடித்தேன். கை உளைந்தது. அன்றைக்குத் தூக்கிய அதே வலது கைதான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை, வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோதுதான் உறைத்தது. அதற்கும் அழவில்லை. சாப்பிட்டேன்.

வருகிற ஞாயிறு மன்றக் கூட்டம். புதிதாக இன்னும் கொஞ்சப் பேர் வந்திருக்கிறார்களாம். நாலு ஊரும் ஒன்றாகத்தான் நிற்கவேண்டும் என்று நேற்றே தொலைபேசி வந்துவிட்டது. வாய் பழக்கத்தில் "ஓம்" என்றது.

இன்று வேலை முடிந்து, உடுப்பில் கணவாய் மணத்தோடு, கடற்கரைச் சுவரில் குந்தியிருந்து உமது தம்பிக்கு ஒரு செய்தி எழுதினேன். வேறொன்றும் இல்லை. என் பெயர், தெரு, கதவிலக்கம், மூன்றாம் மாடி. ஊர்க்காரர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அவன் பார்த்துவிட்டான் என்று தொலைபேசி காட்டுகிறது. வீட்டுக்கு வந்து, சும்மா கிடந்த அந்த அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.