ஜூலை 29-ல் மறையும் சூரியனுக்காகத் தள்ளிவைக்கப்பட்ட என் கண்

அனுப்புநர்:
குன்வோர் ஈசக்சன் (வயது 52),
மீன் வெட்டும் தொழிலாளி,
ஸ்கார்வோய் தீவு, வட நார்வே.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
கண் சிகிச்சைப் பிரிவு,
மாவட்டத் தலைமை மருத்துவமனை.

பொருள்: ஜூன் 16-ல் நடக்கவேண்டிய சிகிச்சையை ஜூலை 30-க்குத் தள்ளியது, பழைய தேதியைத் திரும்பக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் இடது கண்ணுக்குள் ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று இருக்கிறது. அபூர்வமானது, புற்று இல்லை, சாதுவானது என்று தங்கள் பிரிவின் டாக்டரம்மா சொன்னார். ரொம்பச் சாதுதான். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல், நீரைக் கசியவிட்டே என் பார்வையைத் தின்கிறது. நேரான மீன் கத்தி எனக்கு அரிவாளாகத் தெரிகிறது. போன வாரம் மீனோடு விரலையும் நறுக்கியிருப்பேன். இந்த மாதத்துக்குள் சிகிச்சை செய்யாவிட்டால் போன பார்வை திரும்பாது என்றும் அவரே சொன்னார்.

2. கையில் மருந்து ஏற்றி, கண்ணில் லேசர் அடிப்பார்களாம். பிறகு ஐந்து நாள் வெயில் படக்கூடாது. பட்டால் தோல் வெந்துவிடும். இதற்காகத் தங்கள் அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. "சூரியன் மறைந்த பிறகே வீடு திரும்பவும். உங்கள் ஊரில் சூரியன் மறைவது எப்போது?" அரசாங்கத்திடம் பொய் சொல்லலாமா? "ஜூலை 29" என்று எழுதினேன். மே மாதம் ஏறிய சூரியன் நடுராத்திரியிலும் மறையாமல் நின்று, எங்கள் தீவில் அன்றுதான் இறங்கும். மறு தபாலிலேயே புதுத் தேதி வந்தது: ஜூலை 30. இவ்வளவு வேகமான அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

3. போன் செய்தேன். "நீங்க எழுதிக் குடுத்த தேதிதானேம்மா?" என்றார் தங்கள் ஊழியர். "சூரியன நானா தம்பி கட்டி வச்சிருக்கேன்?" என்றேன். "அந்தக் கட்டத்த நிரப்பாம கம்ப்யூட்டர் விடாதும்மா," என்றார். கம்ப்யூட்டருக்குக் கண் வலி வராமல் இருக்க வேண்டுகிறேன்.

4. தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று ஏற்பாட்டையும் நானே செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆர்னுல்ஃபின் மீன் வண்டியில் பின்பக்கம் ஜன்னலே இல்லை. தங்கள் வாசலிலிருந்து என் வாசல்வரை அதற்குள்ளேயே வருவேன். கோடையில் தூங்க எல்லோரும் போடும் கறுப்புத் திரை என் வீட்டிலும் உண்டு. நாற்றம் எனக்குப் பழக்கம். தங்கள் வாசலுக்குத்தான் புதிது. டாக்டரம்மா சம்மதித்து எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன்.

5. ஆகவே ஜூன் 16-ஐயே திரும்பத் தரவேண்டும். கட்டம் நிரம்பித்தான் ஆகவேண்டுமென்றால் தெற்கே சூரியன் மறையும் ஏதாவது ஓர் ஊரின் நேரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மனுவை வலது கண்ணால் எழுதினேன். இடது கண்ணால் படித்துப் பார்த்தபோது "மதிப்பிற்குரிய" இருந்தது. "ஐயா" இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டுதான் இருந்தது. தாங்கள் என் கண்ணுக்கு இந்த அளவாவது தெரியும்போதே பதில் போடுங்கள்.

இடம்: ஸ்கார்வோய்
நாள்: ஜூன் 9 (வெயில்)

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
குன்வோர் ஈசக்சன்