காதைத் தொட்டால் நகர்வேன்

நவம்பர் 19

முழங்காலுக்கு ஐஸ், இடுப்புக்கு ஐஸ். மிச்சத்தை என் மனைவி லோரெய்ன் ஆரஞ்சு ஜூஸில் போட்டுக் குடித்தாள்.

நான் பன்னிரண்டு வருடமாகக் கூடைப்பந்து ஆடி என்ன செய்கிறேன் என்பது என் மாமியாருக்கு இன்னும் விளங்கவில்லை. டிவியில் பார்த்தால் நான் பந்தைத் தொடுவதே இல்லையாம். லோரெய்ன் போனில் பாடம் நடத்தினாள்.

"பந்து ருஃபஸ்கிட்ட இருக்கும்மா. அவனை ஒருத்தன் தொரத்துவான். உன் மாப்பிள்ளை போயி அந்தத் தொரத்துறவன் வழியில மரமாட்டம் நிப்பாரு. அவன் வந்து இவர் மேல இடிப்பான். அதுக்குள்ள ருஃபஸ் தப்பிச்சுப் போயி கூடையில போட்டுடுவான். அவ்ளோதான் வேலை."

அந்தப் பக்கம் ஏதோ கேள்வி.

"ஆமா, இதுக்குத்தான் சம்பளம்."

விளக்கத்தில் பிழை எதுவும் இல்லை. மறிப்பு என்று அதற்கு ஒரு மரியாதையான பெயர் உண்டு. அதை மட்டும் விட்டுவிட்டாள்.

நவம்பர் 23

88–81. வெற்றி. இந்தக் காலத்தில் 88 புள்ளி எடுத்து ஜெயிக்கிற ஒரே அணி நாங்கள்தான். எங்கள் டொலீடோ ஹெரன்ஸ் ஆட்டத்துக்கு வருபவர்கள் நடுவில் எழுந்துபோய் ஹாட்டாக் வாங்கித் தின்றுவிட்டு வரலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ருஃபஸ் பந்தைத் தட்டித் தட்டி நடந்து வருவான். இடது காதைத் தொடுவான். நான் நகர்வேன். ஆறு வருடமாக இதேதான். நான் கிளம்பிவிட்டேன் என்பது பாதி வழியில்தான் எனக்கே தெரியும்.

உடைமாற்றும் அறைச் சுவரில் கோச் ஹால்வர்சன் ஆளுயர எழுத்தில் 'பொறுமை' என்று எழுதிவைத்திருக்கிறார். எனக்கு முப்பத்துநாலு வயது, ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது. அதைப் பற்றி மெல்லக் கேட்டேன். "நீயும் ருஃபஸும் இருக்கற வரைக்கும் இந்தச் சுவர்ல ஒரு எழுத்து மாறாது" என்றார். நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

டிசம்பர் 16

ருஃபஸைக் கொடுத்துவிட்டார்கள். ஒமாஹா அணிக்கு. பதிலுக்கு டேரியன் ஹாலோவே வருகிறான் — புள்ளி எடுப்பதில் லீக்கிலேயே இரண்டாவது ஆள், வயது இருபத்துநாலு.

எனக்கு ருஃபஸே போன் செய்தான். அவனுக்கு யார் சொன்னார்கள்? கடைக்காரப் பெண்.

"தக்காளி வாங்கிட்டிருந்தேன்டா வெர்ன். பில் போடுற பொண்ணு, 'ஒமாஹால நல்லா ஆடுங்க'ங்குது. நான் ஏதோ கிண்டல்னு நெனச்சுச் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தக்காளிய வெச்சுட்டு வந்துட்டேன். இந்த ஊர்ல எனக்கு இனி எதுக்குத் தக்காளி?"

டிசம்பர் 17

சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

டிசம்பர் 19

சுவரில் 'வேகம்'.

கோச் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டினார். அஞ்சு வருஷமாக அவர் மனதில் இருந்த தத்துவமாம், இப்போதுதான் நேரம் வந்ததாம். பந்து ஏழு நொடிக்குள் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். டேரியன் தனியாக எதிராளிகளுக்கு ஊடே வெட்டிக்கொண்டு நுழைவான். மற்ற நாலு பேரும் அவனுக்கு இடம் விட்டு விளிம்போரம் விலகி நிற்க வேண்டும். அவனை வளைத்துக்கொண்டால் பந்து மூலைக்கு வரும். மூலையில் இருப்பவன் அங்கிருந்தே எறிந்து மூன்று புள்ளி எடுப்பான்.

போன வருடம் இதே மனிதர், வேகமாக ஆடுகிற அணிகள் மூச்சு வாங்கித் தோற்கும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். வரைபடம் அதேதான் என்று நினைக்கிறேன். தலைகீழாக வைத்திருக்கிறார்.

"மூலையில யாரு கோச்?"

"நீதான்."

"நான் பன்னெண்டு வருஷத்துல அங்கேர்ந்து ரெண்டு தடவதான் எறிஞ்சிருக்கேன்."

"விழுந்துச்சா?"

"ஒண்ணு போட்டோகிராஃபர் மேல விழுந்துச்சு."

"அப்போ மறிப்பு?" என்று கேட்டேன். புள்ளிவிவரக்காரர் பிளம் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தடவினார். "மறிப்புக்கு எங்ககிட்ட கட்டமே இல்ல. எண்ண முடியாததை நாங்க கணக்குல எடுக்கறதில்ல" என்றார். ரொம்ப நல்ல மனிதர், பிறந்ததிலிருந்து யாரும் அவர்மேல் இடித்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 3

காலையில் மூலையிலிருந்து இருநூறு எறிந்தேன். முப்பத்தொன்று விழுந்தது. மூலையில் நின்று நின்று பாப்கார்ன் விற்பவர் நண்பராகிவிட்டார்.

ஆட்டத்தின் நடுவில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா, மறைக்குது" என்றார். இந்த மாதம் நான் செய்த ஒரே மறிப்பு.

ஜனவரி 11

121–139. தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. டேரியன் எங்கே திரும்பினாலும் இரண்டு பேர் ஈ மாதிரி மொய்க்கிறார்கள். பையன் ஒருவரிடமும் பேசுவதில்லை. குளித்துவிட்டுத் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து ஒமாஹா ஆட்டம் பார்த்தேன். போன மாதம் வரை குதிரையாய் ஓடிய கூட்டம், இப்போது நடந்து வருகிறது. ருஃபஸ் பந்தைத் தட்டுகிறான், காதைத் தொடுகிறான், ஒருவரும் அசையவில்லை. போன் செய்தேன்.

"இங்க கோச் சுவர்ல 'நிதானம்'னு எழுதிட்டாருடா. எனக்கு மறிப்புக்கு ஒரு ஒட்டடைக்குச்சியக் குடுத்திருக்காங்க. நேத்து வரைக்கும் மூலையில நின்னு எறிஞ்சிட்டிருந்த பையன். நான் காதைத் தொட்டா, 'காது வலிக்குதா'ன்னு கேக்கறான்."

ஆக, அவர்கள் எங்கள் ஆட்டத்தை மோசமாக ஆடுகிறார்கள். நாங்கள் அவர்கள் ஆட்டத்தை மோசமாக ஆடுகிறோம். இரண்டு மேனேஜர்களும் இதுதான் நூற்றாண்டின் சிறந்த பேரம் என்று பேட்டி கொடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 27

என்ன காரியம் பண்ணிட்டேன்.

ஒமாஹா இங்கே வந்திருந்தது. கடைசி நாற்பது நொடி, சமநிலை. பந்து ருஃபஸிடம். அவனைத் துரத்துவது நம் டேரியன். நான் என் ஆளைக் காவல் காத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். ருஃபஸ் தன் ஒட்டடைக்குச்சியைக் கூப்பிடுவதற்காக இடது காதைத் தொட்டான்.

நான் போய் நின்றேன்.

நானா போகல — கால் போச்சு. டேரியனுக்குக் குறுக்கே, தோளை இறக்கி, ஆறு வருடம் நின்றது போலவே அசையாமல் நின்றேன். பையன் முழு வேகத்தில் வந்து என் மேல் இடித்துச் சுருண்டு விழுந்தான். ருஃபஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தான். அப்புறம் போய்ப் போட்டுவிட்டான். போடாமல் என்ன செய்வான்?

ரெண்டு புள்ளியில தோத்தோம். எதிராளிக்கு மறிப்புப் போட்டுக் குடுத்தவன்னு என்னைத் தவிர உலகத்துல எவனாவது இருப்பானா?

ஜனவரி 28

அந்த வீடியோவை முப்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். அவர்களில் ஒருவர் என் மாமியார். போன் வந்தது. "இப்பத்தான்ப்பா உன் வேலை என்னன்னு புரிஞ்சுது" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

கோச், "கொஞ்ச நாள் உக்காரு" என்றார். பத்திரிகையில் அதற்கும் மேலே போட்டிருக்கிறார்கள்: அடுத்த மாத முடிவுக்குள் என்னை விடுவித்துவிடுவார்களாம். விடுவிப்பு! ஏதோ நான் சங்கிலியை அறுக்கச் சொல்லி அழுததுபோல. முப்பத்துநாலு வயதில், எறியத் தெரியாத, எதிரிக்கு உழைக்கிற ஆளை எவன் எடுப்பான்? பயமாக இருக்கிறது. லோரெய்னிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, எனக்குப் பிடித்த பியரோகிக் கொழுக்கட்டை செய்து வைத்திருந்தாள். தெரிந்துதான் செய்திருக்கிறாள்.

பிப்ரவரி 2

பெஞ்சு. பெஞ்சுக்கு நாலு கால், ஒன்று ஆடுகிறது.

பிப்ரவரி 5

பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் டேரியன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையமர்த்தினான்.

"பெரிசு, அன்னைக்கு நீ நின்ன பாரு. மூணு நாள் விலா வலிச்சுது."

"தெரியாம…"

"அட, கேளு. ஒமாஹால எனக்கு ஒருத்தர் இப்படித்தான் நிப்பாரு. ஆர்வெல்னு பேரு. நான் தனியா வெட்டிட்டுப் போறேன்னு எல்லாரும் எழுதினாங்க. படிச்சுப் படிச்சு நானும் நம்பிட்டேன். என்னை இங்க அனுப்புன வாரமே அவரை வெளிய அனுப்பிட்டாங்க. இனி எதுக்கு, எண்ணிக்கையில ஒண்ணும் வரலியேன்னு." துண்டை மடித்தான், பிரித்தான். "இங்க வந்து நாலு நாள்ல புரிஞ்சுது, நான் யாரால ஆடினேன்னு. வெக்கமா இருந்துச்சு. யார்கிட்ட சொல்றது?"

இந்தப் பையனைத் திமிர் பிடித்தவன் என்று ஒன்றரை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு நிப்பியா?"

"கோச் மூலையைத் தாண்டக் கூடாதுன்னிருக்காரு."

"தப்பா வந்துட்டேன்னு சொல்லு. உனக்குத்தான் அது பழக்கமாச்சே. சைகை என்ன?"

"இடது காதைத் தொடு."

"எனக்கு வலது கைப் பழக்கம். வலது காது ஆகாதா?"

"ஆறு வருஷம் பொறுத்துக்கறதா இருந்தா ஆகும்."

சிரித்தான். இந்த ஊருக்கு வந்து முதல் தடவை.

பிப்ரவரி 14

இருவருக்குக் காயம், வேறு ஆளில்லை, என்னை இறக்கினார்கள். மூலைக்குப் போனேன். பாப்கார்ன்காரர் கை காட்டினார். டேரியன் காதைத் தொட்டான். 'தவறுதலாக' நகர்ந்தேன்.

முதல் தடவை கோச், "மூலை! மூலை!" என்று அலறினார். இரண்டாம் தடவை பாதியில் நிறுத்தினார். மூன்றாம் தடவை கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தன் ஏற்பாடு என்பதுபோல நின்றார். டேரியன் 41 புள்ளி. நான் பூஜ்யம். உடம்பெல்லாம் வலி, என்ன சுகமான வலி.

பிப்ரவரி 20

கோச் நிருபர்களிடம் சொன்னது: "இதுக்கு நகரும் மூலைன்னு பேரு. அஞ்சு வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்."

பிளம் தன் பலகையில் மறிப்புக்குப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்துவிட்டார். தானே கண்டுபிடித்தது மாதிரி என்னிடம் விளக்கினார், நானும் ஆச்சரியப்பட்டுக் கொடுத்தேன்.

சுவரில் இப்போது 'நிதானமான வேகம்'. "அடுத்த வாட்டி சுண்ணாம்புக்கட்டியில எழுதிடலாமா சார்?" என்று பெயின்டர் கேட்டார்.

மார்ச் 21

பதினேழு ஆட்டத்தில் பதின்மூன்று வெற்றி. இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தால் எனக்கு இன்னும் இரண்டு வருடம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். கடைசி ஆட்டம் ஒமாஹாவில். ஜெயிப்பவர் உள்ளே, தோற்பவர் வீட்டுக்கு.

ருஃபஸிடமிருந்து போன் வந்து இரண்டு வாரமாகிறது. நானும் செய்யவில்லை. அவன் ஒப்பந்தமும் ஜூனில்தான் முடிகிறது.

ஏப்ரல் 4, ஒமாஹா

ஜெயித்தோம். ஒரு புள்ளி. கையெழுத்து திங்கட்கிழமை. லோரெய்ன் போனில் கத்திய கத்தலில் எனக்கு இன்னும் காது அடைத்திருக்கிறது.

கடைசிப் பந்து ருஃபஸிடம்தான் இருந்தது. தட்டிக்கொண்டு வந்தான், மறிப்புக்கு ஆள் வரவில்லை, டேரியன் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

ஆட்டம் முடிந்து நடைபாதையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ருஃபஸ் காத்திருந்தான். கட்டிக்கொண்டோம். அவன் இளைத்திருந்தான்.

"கடைசியில காதைத் தொட்டேனே, பாத்தியா?"

"பாத்தேன்."

"அந்த ஒட்டடைக்குச்சிக்கு இல்லடா. உன்னைப் பாத்துத்தான் தொட்டேன். ஜனவரியில வேலை செஞ்சுதே, இன்னொரு தடவை செய்யாதான்னு." சிரித்தான். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. "கால் கொஞ்சமாவது அசைஞ்சுதா?"

"புடிச்சு நிறுத்தறதுக்குள்ள உயிர் போயிடுச்சு" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிறைவு. தோளைத் தட்டிவிட்டு, நல்லா ஆடு என்று சொல்லிப் போனான்.

அவன் தொட்டதை நான் பார்த்தேன், அது பொய்யில்லை. அவனுக்குக் காது அரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.