ஜூலியின் மூச்சும் உங்கள் சாம்பிராணியும்

அத்திம்பேர்,

அடுத்த மாதம் உங்கள் வருஷாப்திகம், முதல் திவசம். அதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். நேற்று உங்கள் பெண் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தாள். கொச்சி மட்டாஞ்சேரியில் நம் மிளகுக் கிடங்கின் வாசலில் நீங்கள் நாற்காலியில், காலடியில் ஜூலி. "மாமா, அப்பாவோட ஜீவகாருண்யத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். சிரிப்பை மறைக்க இருமினேன். அந்த இரண்டு பக்கத்தை உங்களுக்கே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் பாலக்காட்டிலிருந்து வந்து, அக்கா வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு உங்கள் கிடங்கில் மூட்டை எண்ணியவன் நான். ஜூலி அங்கே காவல் நாய். அதன் மேலெல்லாம் உண்ணி. எடுத்துவிடலாமே என்றேன். "நாய்னா உண்ணி இருக்கும்டா. எல்லாம் நேக்குத் தெரியும்" என்றீர்கள். உங்களுக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் அது பின்னங்காலை இழுத்தது. மறுநாள் நாலு காலும் விழுந்து, மூச்சு திணறியது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா காதுக்குள்ளிருந்து கொழுத்த உண்ணி ஒன்றைப் பிடுங்கினார். காலையும் மூச்சையும் முடக்கியது இதன் விஷம்தான், அது இறங்கும்வரை நாம்தான் மூச்சு கொடுக்க வேண்டும் என்று, மூடிப்போன நர்சிங் ஹோம் ஒன்றிலிருந்து பழைய சுவாச யந்திரத்தைக் கெஞ்சி வாங்கிவந்து கிடங்கின் ஆபீஸ் அறையில் வைத்தார். மூன்று நாள் அந்த யந்திரம்தான் ஜூலிக்காக மூச்சு விட்டது. நீங்கள் மூக்கில் துண்டை வைத்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "பேஷ்" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் ஜீவகாருண்யம்.

நாலாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. மூக்கில் ஒரு மெல்லிய குழாய், அதில் சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன். "தானா மூச்சு விடுதுன்னு இத நிறுத்தருது, நிறுத்தவே கூடாது, கேட்டோ? மெல்ல மெல்லத்தான் குறைக்கணும். ஈறு நீலமாச்சுன்னா ஆபத்தாணு" என்று டாக்டர் தன் மலையாளத் தமிழில் நம் இரண்டு பேரிடமும் சொன்னார். நான் ஜூலியின் உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வால் நுனி ஒரு தடவை ஆடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அன்று கிடங்கின் ஒவ்வொரு அறையிலும் நாலு மூலைக்கும் சாம்பிராணி காட்டாமல் உங்களுக்குப் பொழுது போகாது. "நான் பாத்துக்கறேன், நீ போய்க் குளிச்சுட்டு வா" என்று என்னை அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது அறை முழுக்க வெள்ளைப் புகை. சிலிண்டர் மூடியிருந்தது. ஈறு நீலம். நீங்கள் வாசலில் ஆலப்புழைத் தரகரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"தீயும் ஆக்ஸிஜனும் சேரப்படாதுடா. அதான் மூடிட்டுக் காட்டினேன்" என்றீர்கள், பெருமையாக. திறக்க மறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரைகுறை அறிவுக்கு இவ்வளவு தலைக்கனமா என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

டாக்டர் ஓடிவந்து மறுபடி குழாய் போட்டுப் பார்த்தார். ஜூலி பிழைக்கவில்லை.

"ஆராணு இது அடைச்சது?" என்று சிலிண்டரின் மூடிய திருகைக் காட்டிக் கேட்டார்.

நீங்கள் ஓட்டுக்கூரையைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"நான்தான்" என்றேன்.

அவர் திட்டவில்லை. குழாயைச் சுருட்டிக்கொண்டே ஒரு தடவை என்னைப் பார்த்தார், சாணியை மிதித்தவர் செருப்பைப் பார்ப்பதுபோல. அவர் போனதும் நீங்கள் என் தோளைத் தட்டி, "சமத்து" என்றீர்கள்.

உங்களை நான் ஒருநாளும் மதித்ததில்லை, அத்திம்பேர். ஆனால் இத்தனை வருஷமாக என்னோடு வருவது உங்கள் முகமல்ல, அந்தப் பார்வைதான். டாக்டர் ஓய்வு பெற்று ஆலுவாவில் இருக்கிறாராம். நீங்கள் இருந்தவரை, உங்களுக்குப் பயந்துதான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் போய்ப் பதினோரு மாதமாகிறது. இங்கிருந்து ஆலுவா ரயிலில் அரைமணி நேரம். நான் இன்னும் போகவில்லை.