தெரியும் என்று தலையாட்டியவன்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை நிறுத்திவிடாதே.

எங்கள் கிடங்குக்குப் புதிய லேபிள் இயந்திரம் வந்திருக்கிறது. சொல்லிக்கொடுக்க வந்த பெண், "நீங்க ஒவ்வொருத்தரும் எப்படிக் கத்துக்குவீங்க? யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். புரியும்வரை கேட்பேன் என்று நான் கம்பீரமாகச் சொன்னேன்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். "ஐயா, நீங்க எங்க கேட்டீங்க? ஓரக்கண்ணால என் கையைத்தானே பாக்குறீங்க! நான் தலைகீழா ஒட்டினா நீங்களும் தலைகீழா ஒட்டுறீங்க!"

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன். காது மட்டும் சுட்டது. அறைக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். இதுகூடத் தெரியாதா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, தெரிந்தவன்போலத் தலையாட்டுவதே என் சுபாவம். இத்தனை படித்தவன் என்று சொல்லிக்கொள்ளவே கூசுகிறது.

ஊரிலிருந்து கிளம்பும்போது, சோறு வைக்கச் சொல்லித்தரட்டுமா என்று கேட்டாய். தெரியும் என்றேன். தெரியாது. வந்த நாளிலிருந்து கடை ரொட்டிதான். எனக்கு ரொட்டி என்றால் உயிர் என்று அறையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, எழுது. வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்