முதலாளியம்மா கப் பிடித்த கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் தம்பியும் நல்லபடியாக இருக்கிறோம், உன் மகள் எங்கள் இரண்டு பேரையும் விட நல்லபடியாக இருக்கிறாள், இருக்காமல் என்ன, வேலைக்கு இரண்டு ஆம்பளைகளை வைத்திருக்கிறாளே. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே எங்களுக்குப் போதும். தினமும்தான் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோன் வந்தால் உன் தம்பி என் தோள் மேலேயே ஏறி நிற்கிறான், குழந்தை ஃபோனை வாயில் வைத்துக்கொள்கிறாள், ஒரு சங்கதி முழுசாகச் சொல்ல முடிகிறதா? அதுவும் இது அவன் எதிரில் சொல்லக்கூடிய சங்கதி இல்லை. அவன் பிளேடு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறான், குழந்தை தூங்குகிறாள், சலூனில் ஆளில்லை, சுழல் நாற்காலியில் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேலை நிரந்தரமானதும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாய், ஆனால் உன் ஆபீஸ் பக்கத்துக் காப்பகத்தில் பாட்டில் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்களாம், தானாகக் கப் பிடித்துக் குடிக்க வேண்டுமாம் என்று சொல்லி, இரண்டு காதும் ஒரு வாத்து மூக்கும் வைத்த அந்தச் சிப்பர் கப்பை அனுப்பி வைத்தாய். இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். கத்தரியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளைகளை எல்லாம் அசையாமல் உட்கார வைத்து முடி வெட்டியவன் நான், என் பேத்தியிடம் ஒரு கப்பைக் கொடுக்கத் தெரியாதா? தெரியவில்லை அம்மா. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் பேச்சில்லாமல் முடித்திருப்பாள், நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசியே தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கப்பில் பால் ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஏதோ பெரிய மனுஷி மாதிரி உள்ளே எட்டிப் பார்ப்பாள், அப்புறம் அதாலேயே தரையில் ஆணி அடிப்பாள். ஒரு நாள் வெட்டின முடி கூட்டிப் போடுகிற கூடைக்குள் போட்டுவிட்டுக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேரையும் வேலை வாங்குகிற தோரணையைப் பார்த்துத்தான் சலூனுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளை முதலாளியம்மா என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

பார்த்துப் பார்த்துத்தானே குழந்தைகள் கற்றுக்கொள்கின்றன என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. எதிர் மருந்துக்கடையில் அதே மாதிரி வாத்துக் கப்புகள் கொஞ்சம் வாங்கி வந்தேன், அவளுடைய கப்பை யாரும் தொடவில்லை, பயப்படாதே. சலூனுக்கு வருகிறவர்களுக்கு டீயோ தண்ணீரோ இனிமேல் இதில்தான் என்று சொல்லிவிட்டேன். முதலில் எல்லாரும் கூச்சப்பட்டார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே, பெஞ்சில் வரிசையாக மீசை வைத்த ஆண்கள் உட்கார்ந்து இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துச் சர் சர்ரென்று உறிஞ்சுகிறார்கள், நடுவில் முதலாளியம்மா தன் பாட்டிலைக் கட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் கற்றுக்கொண்டது பூஜ்யம். ஆனால் நம் ஹெட்மாஸ்டர், உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றினாரே அவரேதான், முகம் பூரா நுரையோடு சாய்ந்தபடியே டீ குடித்துவிட்டு, அடடே, படுத்துக்கிட்டே குடிச்சாலும் சிந்தவே மாட்டேங்குதேப்பா, எங்க வாங்கினே என்று கேட்டு, வீட்டுக்குப் போகும்போது தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

சரி, கருணை காட்டினால் ஆகாது என்று பாட்டிலை எல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, இனி கப்தான், பசித்தால் தானாகக் குடிப்பாள் என்று சட்டம் போட்டேன். கிண்ணத்தில் ஊட்டினால் சாப்பிடுகிறாள், கப்பைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பால் இறங்காமல் பிள்ளை இளைத்துவிட்டால் உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சொட்டுப் பால்கூடப் பல்லில் படுவதில்லை டாக்டர் என்று நான் புலம்பப் புலம்ப அவர் எடை பார்த்துவிட்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நல்லா ஏறியிருக்கே பெரியவரே, வீட்ல வேற யாரு இருக்காங்க என்று கேட்டார். அப்போதும் என் மரமண்டைக்கு ஏறவில்லை பார்.

சலூனில் ஷேவிங்குக்கு வைக்கிற சூடான டவல் தினமும் ஒன்று குறைந்துகொண்டே வந்தது. அதைத் தேடித்தான் உன் தம்பியின் ஜிம் பையைத் திறந்தேன். உள்ளே டம்பெல், அதன் பக்கத்தில் என் டவல், டவலுக்குள் வெதுவெதுப்பாக ஒரு பால் பாட்டில், புதுசு, இவனே வாங்கியது! சாயங்காலம் ஆனால் காத்தாடக் கூட்டிட்டுப் போறேன் என்று இந்தத் தடியன் அவளைத் தூக்கிக்கொண்டு போவானே, அது இதற்குத்தான். எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலும் கையுமாக வெளியே வந்து, இது என்னடா என்று கத்தினேன். அவன் ஹெட்மாஸ்டருக்கு ஒரு கன்னம் மழித்து மறு கன்னத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். திருதிருவென்று முழித்தான். அப்புறம், ஆள் எவ்வளவு பெரிய ஆள், அந்தக் கையும் மார்பும் முறுக்கு மீசையும், அப்படியே உடைந்து அழுதுவிட்டான். கப்புல குடிக்கக் கத்துக்கிட்டா அக்கா தூக்கிட்டுப் போயிடும்பா, அப்புறம் இந்த வீட்ல நான் என்னப்பா பண்ணுவேன் என்றான். ஹெட்மாஸ்டர்தான் கழுத்தை அசைக்காமல், தம்பி, நல்லா அழு, ஆனா கத்தியைக் கீழே வெச்சிட்டு அழு என்றார்.

நீ அவன் மேல் கோபப்படாதே. நானும் திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன், முடியவில்லை. எனக்கும் அதே பயம்தான் உள்ளுக்குள் இருக்கிறது, நான் சட்டம் போட்டு மறைத்துக்கொண்டேன், அவன் பாட்டில் கொடுத்து மறைத்துக்கொண்டான். மீதிக் கன்னத்தை நான்தான் மழித்து அனுப்பினேன். கடை சாத்துகிற நேரத்தில் அவனே மெதுவாக வந்தான். நேத்து என்னைப் பார்த்து ம்மான்னு கூப்பிட்டாப்பா, எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, ஆனா அது அக்காவுக்கு வர வேண்டியதுதானே, நான் எடுத்துக்கிட்டேனேப்பா என்றான். நீ ஃபோனில் சிரித்துப் பேசிவிட்டு வைத்தபிறகு அழுவாய் என்று எனக்குத் தெரியும், அதை அவனிடம் சொன்னேன். அவன் கப்பை எடுத்துக்கொண்டு போய் வெந்நீரில் கழுவினான்.

மறுநாள் காலையில் அவன்தான் செய்தான், நான் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு முடி வெட்ட நாற்காலிக் கைகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போடுவோமே, அதில் அவளை உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டி, பின்னாலிருந்து இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மடியில் கப்பை வைத்தான். இதுவரை எங்கள் இடுப்பில் இருந்தபடியேதான் அவள் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள், தனியாக உட்கார்ந்து பார்த்தது கிடையாது. எதிரே யாரோ ஒரு குட்டி, துணி கட்டிக்கொண்டு, கையில் கப்போடு இவளையே முறைக்கிறது! இவள் கப்பைத் தூக்கினாள், அதுவும் தூக்கியது. இவளுக்குப் பொறுக்கவில்லை, எங்கே அது முந்திக்கொள்ளப் போகிறதோ என்று மூக்கை வாயில் வைத்து ஒரே உறிஞ்சு. பாதி துணியில், பாதி உள்ளே. அப்புறம் மறுபடியும் எதிரே பார்த்தாள், மறுபடியும் உறிஞ்சினாள், கப்பு காலியாகும்வரை அந்தக் குட்டியை விடவில்லை. சலூனில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். உன் தம்பியும் கை தட்ட ஆசைப்பட்டான், இடுப்பைப் பிடித்திருந்ததால் முடியவில்லை, கண்ணீர் அவன் மீசையில் இறங்கியதைத் துடைக்கவும் முடியவில்லை.

இப்போது மூன்று வேளையும் கப்தான், பாட்டிலைக் காட்டினால்கூடத் தள்ளிவிடுகிறாள். ஒரே ஒரு தொல்லை, கண்ணாடி இல்லாமல் குடிக்க மாட்டேன் என்கிறாள். காப்பகத்தில் கேட்டு வை, ஒரு கண்ணாடி முன்னால் உட்கார வைத்தால் போதும், உன் வீட்டிலும் ஒன்று தாழ்வாக மாட்டிவிடு. கப்பின் மூக்கைக் கழற்றி உள்ளே இருக்கிற ரப்பரையும் தேய்த்துக் கழுவ வேண்டும், பால் அதில்தான் தங்குகிறது. கப்பலில் இருக்கிற மாப்பிள்ளை பேசினால் கேட்டதாகச் சொல்லு. வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதே.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பி வா. ஆனால் வந்த அன்றைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடாதே அம்மா, ஒரு வாரமாவது இருந்துவிட்டுப் போ. குழந்தை உன்னிடம் பழக வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அவள் பழகிவிடுவாள், கப்புக்கே பழகிவிட்டவள்தானே. உன் தம்பியும் நானும்தான் அவளை விட்டுப் பழக வேண்டும், எங்களுக்குப் பால் மறக்கடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கடிக்க வேண்டும். நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், ம்மா என்று அவள் கூப்பிடுவது உன் காதில் விழ வேண்டும், அதற்குத்தான் இத்தனையும்.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா