இரண்டு தடவை அடித்த நீலம்

திலக் நகர், செம்பூர்
வியாழக்கிழமை

சிரஞ்சீவி நகுலுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் தெளிவாகத்தான் இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்துக்கொண்டேன். இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும், அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் ரயிலில் உட்கார்ந்து மேலாக மேய்ந்துவிட்டு ஒரு இதயப் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய். எழுத்துக் கூட்டிப் படி. இங்கே மழை ஒருவழியாக நின்றது, காலேஜில் பேப்பர் திருத்தி என் கழுத்து பிடித்துக்கொண்டிருக்கிறது, கீழ்வீட்டு ஷ்யாமளாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இப்போது எல்லார் வீட்டு அழுக்கும் நன்றாகத் தெரிகிறதாம். இனி சைக்கிள் விஷயம்.

ஜூனில் அப்பா வேலையிலிருந்து நின்ற வாரம் நீதான் சொன்னாய், பால்கனியில் தொங்கும் என் ரேஸ் சைக்கிளைப் பிரித்து பெயிண்ட் அடித்து வையுங்கள், டிசம்பரில் வந்து அதில் லோனாவளா போகிறேன், நீங்கள் ஸ்கூட்டரில் பின்னாலேயே வரணும் என்று. அவர் மறுநாளே ஆரம்பித்துவிட்டார். சீட் தண்டு துருவேறி ஃப்ரேமோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிடுங்கவே நான்கு நாள். ஊஞ்சல் கொக்கியில் ஃப்ரேமை மாட்டி பழைய பெயிண்டைக் கரைத்தார், அந்த நாற்றத்துக்கு ஷ்யாமளா மேலே ஏறி வந்து, ஏன் பஞ்சு சார், ரிடையர் ஆனவா பூணூலைத் திரிப்பா, நீங்க உப்புத்தாளைத் திரிக்கறேளே என்று கேட்டுவிட்டுப் போனாள். அதே நீலம் வேண்டும் என்று பெயர்ந்த பெயிண்ட் துணுக்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மாஹிமில் வாசிம் கடைக்கு மூன்று முறை போனார். இவ்வளவு எதற்கு சாப், கறுப்பு அடித்து முடியுங்கள் என்று அவன் சொன்னதற்கு, பேட்டா ஆ ரஹா ஹை என்றாராம். பிள்ளை வருகிறான். அதன் பிறகு அவன் அதே நீலத்தைக் கலந்து கொடுத்தானாம்.

ஆகஸ்டில் நீ எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினாய். டிசம்பரில் வரவில்லை, நண்பர்களோடு ஸ்பெயின் போகிறேன், இங்கே புது சைக்கிளும் வாங்கியாயிற்று, அப்பா சந்தோஷமாக இருக்கிறார், இப்போது சொல்லாதே. நானும் சொல்லவில்லை. என் பங்கை மறைத்து உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வராது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் கடைசிப் பூச்சு அடித்தார். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அந்த ஈரப்பதத்தில் உள்ளே பச்சையாகத்தான் இருக்கும் என்பது இருபது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவளுக்குத் தெரியாதா. அவர் பூஜைக்கு சைக்கிளை நிறுத்தி, சந்தனத்தைக் குழைத்து, குங்குமத்தை விரலில் எடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கெட்டுப்போகட்டும், வெறுத்துப்போய் விட்டுவிடுவார், பிறகு சொல்வது சுலபம் என்று நினைத்தேன். மறுநாள் துடைத்தபோது பெயிண்டும் சேர்ந்து வந்தது, மூன்று இடத்தில் சிவப்பாக விரல் ரேகை. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

இரண்டாம் நீலம் நன்றாகவே வந்தது. அந்த ஞாயிறுதான் உன்னிடம் சீட் உயரத்துக்கு உள்கால் அளவு கேட்டார், செருப்பைக் கழட்டிட்டு சுவரோட ஒட்டி நின்னு சரியா எடுடா என்றார். நீ எழுந்து போனாய். டேப் தேடினாய். திரும்பி வந்து எண்பத்து மூணுப்பா என்றாய். வரப்போவதில்லை என்று தெரிந்தவன் டேப் தேடிக்கொண்டு போனதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நீ போனை வைத்ததும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. உனக்கு எப்போலேர்ந்து தெரியும் என்றார். ஆகஸ்ட் என்றேன். அப்போ நான் ரெண்டாம் தடவை தேய்ச்சுண்டிருந்தப்போ பக்கத்துல காபி கொண்டுவந்து வச்சியே, அப்பவும் தெரியும் என்றார். ஆமாம் என்றேன். குங்குமத்தையும் சொன்னேன். அவர் எழுந்து போய் எண்பத்து மூன்றுக்குத் தகுந்தபடி சீட்டை ஏற்றி இறுக்கினார்.

பிறகு ஒன்று கேட்டார். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாதே, எத்தனை வாரம் இப்படியே சொல்றான்னு பார்க்கறேன் என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. முதல் ஞாயிறு எந்த டெர்மினல் என்று கேட்டார், டிக்கெட் விலை குறையட்டும் என்று காத்திருப்பதாகச் சொன்னாய். போன ஞாயிறு எத்தனை நாள் லீவு என்று கேட்டார், பதினாறு என்றாய். பதினாறு! அந்த எண் உனக்கு எங்கேயிருந்து வந்தது? போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, நன்னாத்தான் சொல்றான், உன்னை மாதிரியே முகம் மாறலை என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னை இப்படிப் பேசியதில்லை.

அவருக்குக் கொடுத்த வாக்கை மீறித்தான் இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி டிசம்பரைப் பற்றிக் கேட்பார், ஏதோ சும்மா கேட்பது போலத்தான் கேட்பார். உன்னை வா என்று நான் சொல்லவில்லை, வராததற்கு யாரும் சாகமாட்டார்கள். வரவில்லை என்று உன் வாயால் சொல். முடியவில்லை என்றால் பதினாறு நாள் கதையையே தொடர்ந்து சொல், நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி ரொட்டியும் ஜாமும் வேண்டாம், ஒரு பிடி சாதம் வடித்துக்கொள். தீர்க்காயுசோடு நன்றாக இரு, மனதாரச் சொல்கிறேன். ஞாயிறு நம் நேரம் ஆறரைக்குச் சரியாகக் கூப்பிடு, தாமதம் செய்யாதே. அவர் ஐந்தரைக்கே ஷேவ் செய்துகொண்டு போன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆசிகளுடன்
உன் அம்மா
பிரபாவதி